பங்காளி போட்ட பூட்டு

வெள்ளைப் பணியாரத்துக்கு வரமிளகாய்த் துவையல்தான் பொருத்தம். சோணையம்மாளின் கைப்பக்குவத்தை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. விசாரணைக் கமிஷன் ஐயா முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவள் கணவர் ஆசைத்தம்பி மைக் செட் வைத்திருந்தார். அரியக்குடித் திருவிழாவில் தொலைந்த பிள்ளை, தொலைந்த செருப்பு எல்லாவற்றுக்கும் அவர்தான் அறிவிப்பு. நெருக்கடி நிலை இருந்த எழுபத்தாறில், "பேச்சுரிமையக் காணோமுங்க. இன்ஸ்பெக்டர் ஐயா தன் சட்டைப்பையிலயும் கொஞ்சம் தேடிப் பாக்கணும்" என்று மைக்கில் சொல்லிவிட்டார். ஊரே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், அந்த இன்ஸ்பெக்டர் வேறு யாராவதாக இருந்திருந்தால்.

அன்றைக்கே அவரைப் பிடித்தேன். ஸ்டேஷனில் வைத்தால் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் கோட்டையூரில் ஆளில்லாத ஒரு பெரிய வீட்டில், வாட்ச்மேனிடம் வாசல் சாவியை வாங்கி, ஓர் அறையில் அவரை வைத்து வெளித்தாழ்ப்பாள் போட்டேன். மைக் செட்டுக்காரர் என்பதால் வாயைத் துண்டால் கட்டினேன்.

சோணையம்மாள் தினமும் தூக்குவாளியோடு ஸ்டேஷனுக்கு வருவாள். "எங்க வீட்டுக்காரகள எங்குட்டு வச்சிருக்கீக? அவுக பசி தாங்க மாட்டாகய்யா."

"இங்க அப்படி யாரும் இல்லையேம்மா. வாளிய மட்டும் வச்சிட்டுப் போ."

பணியாரத்தில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. நான் நியாயமானவன்.

கோட்டையூர்ப் பெரிய வீடுகளில் வாசல்தான் பொது. அறைகள் பங்காளிகளுக்குத் தனித்தனி. ஒருவர் அறையை இன்னொருவர் தொட்டால் வழக்குதான். நான் பந்தோபஸ்துக்குச் சிவகங்கை போயிருந்த நாளில், அறைக்குச் சொந்தக்காரர் பினாங்கிலிருந்து வந்திருக்கிறார். தன் அறை பூட்டில்லாமல் கிடப்பதைப் பார்த்துப் பங்காளிகள் மேல் சந்தேகப்பட்டு, தேங்காய் அளவு பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சாவியோடு கப்பலேறிவிட்டார். ஆசைத்தம்பி அப்போது அயர்ந்து தூங்கியிருக்க வேண்டும்.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன்.

"சாவி யாருகிட்ட இருக்கு?"

"பினாங்குல, ஐயா."

"அப்ப ஆளு நம்மகிட்ட இல்ல. அதையே சொல்லு."

பூட்டை உடைத்திருக்கலாமே என்கிறீர்கள். அடுத்தவர் சொத்தில் பூட்டை உடைப்பது குற்றம் ஐயா. நான் போலீஸ்காரன். சில நாட்கள் கதவை உதைக்கும் சத்தம் கேட்டது. பர்மாத் தேக்கு, அசையவில்லை. பிறகு சத்தம் நின்றது. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பணியாரம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. முழுவதையும் நானே சாப்பிட வேண்டியதாயிற்று.

அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்கிறார் அரசாங்க வக்கீல். ஜீப், விலங்கு, என் சம்பளம் எல்லாம் அரசாங்கத்துடையவை. அவருக்கு ஞாபகமறதி.

இந்த வருஷத் திருவிழாவில் சோணையம்மாள் அதே மைக்கைப் பிடித்து, "எங்க வீட்டுக்காரகளக் காணோமய்யா, பாத்தவுக சொல்லுங்க" என்று அழுதாள். நானும் கூட்டத்தில் நின்று கேட்டேன். அது தவறான அறிவிப்பு. காணாமல் போனவர் என்றால் அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியக்கூடாது. எனக்குத் தெரியும்.