அரக்கனின் முதுகு ஜிப்

விஞ்ஞானப் படங்களை இரண்டாம் முறை பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும், ஐயா. முதல் தடவை விண்கலமும் வெடிச்சத்தமும் கண்ணைக் கட்டிவிடும். அடுத்த தடவைதான் உள்ளே இருக்கும் மனிதர்கள் தெரிவார்கள்.

எங்கள் 'ஏழாம் நிலவின் அரக்கன்' 1969-இல் வந்தபோது ஒரு வாரம்கூட ஓடவில்லை. ரப்பர் பொம்மைப் படம் என்று டோக்கியோவே சிரித்தது. இப்போது இளைஞர்கள் அதைத் தோண்டியெடுத்துக் கொண்டாடுகிறார்கள். இன்று வரும் நிதானமான விண்வெளிப் படங்களுக்கெல்லாம் அதில் வரும் ஒரு காட்சிதான் முன்னோடியாம். இடிந்த பள்ளிக்கூட மைதானத்தில் அரக்கன் தனியாக உட்கார்ந்து அழும் காட்சி.

அரக்கன் உடைக்குள் இருந்தது நான். என் மகள் சயோ காய்ச்சலில் இறந்து அன்றைக்கு நான்காவது நாள். டைரக்டர் குராஹாஷிதான் முதுகு ஜிப்பை இழுத்துவிட்டார்.

"உள்ள போயிட்டா எவன் பாக்கப் போறான்? நல்லா அழுது தீத்துரு, மினே."

அழுதேன். அந்த ஒரு சொல்லுக்காக ஐம்பது வருடம் அவருக்கு நன்றியோடு இருந்தேன். முகம் காட்டாத எங்களுக்கு அந்தக் காலத்தில் டைட்டிலில் பெயர் கிடையாது. இப்போது புதுப்பித்து வெளியிடும் பிரதியில் போடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

போன ஞாயிறு அதன் மதியக் காட்சிக்கு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினேன். பெயர் வரவில்லை. போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். படம் முடிந்ததும் ஒரு பெண் அந்தக் காட்சியைப் பற்றி மேடையில் பேச வந்திருந்த குராஹாஷியிடம் கேட்டாள்.

"அன்னிக்கு உடை போடுற ஆளு வரலைம்மா. சரி, நம்மளே எறங்கிருவோம்னு நானே உள்ள பூந்துட்டேன். அழுகை தானா வந்துச்சு," என்றார்.

கைதட்டினார்கள். என் பிள்ளைக்காக நான் அழுத அழுகையை என் கண்ணெதிரே தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. அதை நான் மறைக்கவில்லை.

தியேட்டர் முகப்பில் காட்சிக்கு வைத்திருந்த அரக்கன் உடையைப் போட்டுக் காட்டச் சொல்லி ரசிகர்கள் அவரிடம் கெஞ்சினார்கள். அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார்.

"அட, மினே! வா வா. நம்ம பழைய யூனிட் ஆளு. ஜிப் போடுறதுல கில்லாடி!"

அவர் உடைக்குள் இறங்கினார், ஜிப்பை நான் இழுத்துவிட்டேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஜிப்பைப் போட்டவன்தான் திறக்க வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. உள்ளே இருப்பவன் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினால் மூச்சு முட்டுகிறது என்று பொருள். எவ்வளவு முக்கியமான ஷாட்டாக இருந்தாலும் ஓடிப்போய்த் திறப்போம். படம் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது.

இருபத்தேழு வயதில் நானே அதற்குள் ஆறு நிமிடத்துக்குமேல் தாங்கியதில்லை. குராஹாஷிக்கு எண்பத்திரண்டு. போன வருடம் இதய அறுவை சிகிச்சை நடந்தபோது பழக்கூடையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் நான்.

மூன்றாவது நிமிடம் தட்டினார். கூட்டம் அதைத் தாளம் என்று நினைத்துச் சேர்ந்து தட்டியது. நான் என் இடத்தில்தான், அவர் முதுகுக்குப் பின்னால், ஜிப்பில் கை வைத்தபடி நின்றேன். மறுபடி தட்டினார்.

"தாத்தா, அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று முன்வரிசைப் பெண் கேட்டாள்.

"நடிக்கிறாரும்மா. உள்ள பூந்துட்டா அவருக்கு உலகமே தெரியாது."

ஒன்பது முறை தட்டினார். பிறகு மெல்ல உட்கார்ந்து தலையைக் கவிழ்த்தார். முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பதினோராவது நிமிடம் திறந்தேன். அதற்குள் மூச்சு நின்றிருந்தது.

ஜிப் மாட்டிக்கொண்டது என்று நேற்று வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னது பொய். வெண்ணெய் மாதிரித் திறந்தது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஆத்திரம் இருந்திருந்தால் அத்தனை பேர் முன்னால் அவரை ஓர் அறை அறைந்திருப்பேன். பெரியவர்கள்மேல் கை வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை, ஐயா.