நிலவறையில் வைத்த பம்பு

காவிரிக்கரையில் வீடு கட்டுகிறவர்கள் நிலவறை தோண்டக் கூடாது, ஐயா. என் அப்பா தோண்டிவிட்டார். அப்போது தொட்டியத்திலிருந்து வாழைத்தார்கள் வண்டி வண்டியாக எங்கள் வீட்டிலேயே வந்து இறங்கும். அவற்றை அடுக்கிப் புகை போட்டுப் பழுக்க வைக்கத் தரைக்குக் கீழே ஓர் அறை வேண்டியிருந்தது. ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபத்துக்குப் பக்கத்தில், கருங்கல் வைத்து உயர்த்திய வீடு எங்களுடையது. அடுக்களைக்குப் பின்னால் படி இறங்கும். கீழே தேக்குக் கதவு, வெளிப்பக்கம் தாழ்ப்பாள். உள்ளே, முற்றத்துப் பக்கம் புகை போக ஒரு சின்னத் துவாரம். அவ்வளவுதான் அறை.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அங்கே ஊற்றெடுக்கும். முதலில் சுவர் வியர்க்கும். பிறகு தரையில் கால் நனையும். அப்பா காலத்தில் ஆள் வைத்து வாளியால் இறைத்துக் கொட்டுவோம். அவர் போன பிறகு நான் வியாபாரம் முழுவதையும் திருச்சி மார்க்கெட்டுக்கு மாற்றிவிட்டேன். பழுக்க வைப்பதும் அங்கேதான். நிலவறை சும்மா கிடந்தது.

சும்மா கிடக்கிற அறைக்குப் பம்பு எதற்கு என்று நீங்கள் கேட்கிறீர்கள். பரக்கத் அலி பாயும் அதைத்தான் கேட்டார்.

பாய் பெரிய கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். அவரே ஆட்களோடு வந்து வேலையை முடித்துக் கொடுத்தார். அறையின் மூலையில் தரையை உடைத்து ஒரு குழி தோண்டி, செங்கல் வைத்துக் கட்டினார்கள். கசிகிற தண்ணீரெல்லாம் அதில் வடியும்படி தரையைச் சரிவாகப் பூசினார்கள். குழிக்குள் ஒரு குழாய், அதன் தலையில் கைப்பம்பு, அங்கிருந்து சுவரேறி முற்றத்துச் சாக்கடையில் போய் விழுகிற மாதிரி இன்னொரு குழாய். நல்ல வேலை. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

“அண்ணே, பம்பை மேல முற்றத்துல வெச்சுக்கலாங்க,” என்றார் பாய். “கீழ வெச்சா தண்ணியில எறங்கியில்ல அடிக்கணும்?”

“கீழயே இருக்கட்டும் பாய்.”

“யாரு எறங்கி அடிப்பாங்க?”

“ஆள் இருக்கு.”

மூலையில் ஒரு சொம்பும் பனையோலை விசிறியும் இருந்தன. எடுத்து வைக்க மறந்துவிட்டேன். பாய் அவற்றைப் பார்த்தார். பிறகு கதவில் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார். காவல்காரன் பகலில் படுக்கிற இடம் என்றேன்.

“இந்த ஈரத்துலயா? அல்லாவே,” என்று மட்டும் சொன்னார்.

காவல்காரன் என்று யாரும் இல்லை, ஐயா. அங்கே இருந்தது என் தங்கை வள்ளிக்கண்ணு. பம்பு வைத்த அன்றைக்கு அவளை மாடி அறையில் இருத்தி, என் மனைவி பவுனம்மாளைத் துணைக்கு வைத்திருந்தேன். அந்தப் பம்பே அவளுக்காக வைத்ததுதான். முந்தின ஆடியில் அவள் கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்து, நடக்கவே சிரமப்பட்டாள். கூடப் பிறந்தவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? நீங்கள் இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவள் ஏன் அங்கே இருந்தாள் என்பதையும் சொல்கிறேன். புருஷன் பேதியில் போனபின் வீட்டோடு வந்து சேர்ந்தாள். அவனை வைத்துப் பார்த்த மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா இவளிடம் அன்பாகப் பேசியிருக்கிறாள். அது இவள் மனதில் தங்கிவிட்டது. ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள்.

“அண்ணே, நான் நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போறேன். டாக்டரம்மா சேத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க.”

கேட்கவில்லை, ஐயா, சொன்னாள். நம் வீட்டுப் பெண் முன்பின் தெரியாத ஆண்களுக்குக் கட்டுப் போட்டு, கண்டவன் எச்சிலைத் துடைக்கப் போகிறாள். நான் கோபப்படவில்லை. பல நாள் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவளும் பொறுமையாகவே கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரு காலையில் துணிமூட்டையோடு பாலத்தில் நடந்துகொண்டிருந்தாள். வண்டியில் ஏற்றிக் கூட்டிவந்தேன். இழுத்துவந்தேன் என்று பவுனம்மாள் சொல்வாள், அவள் பார்க்கவில்லை.

மனம் மாறும்வரை கீழே இருக்கட்டும் என்று நினைத்தேன். கண்டியில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ஊரில் சொன்னேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் பவுனம்மாள் வெந்நீர் கொண்டுபோவாள். மனம் மாறிவிட்டதா என்று நான் அடிக்கடி போய்க் கேட்பேன். “இல்ல அண்ணே,” என்பாள். ஒரு தடவை பொய்யாகவாவது ‘மாறிவிட்டது’ என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பிடிவாதம் அவளுக்கு அம்மாவிடமிருந்து வந்தது.

பம்பு வந்த பிறகு அறை காய்ந்து கிடந்தது. அவளே அடித்துக்கொள்வாள். உட்கார்ந்தே இருக்கிறவளுக்கு உடம்புக்கும் நல்லது.

பாய்க்குச் சந்தேகம் போகவில்லை போலிருக்கிறது. ஐப்பசியில், நல்ல மழை நாளில், பம்பு எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்தார். கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்தோம். ஜன்னல் வழியே முற்றம் தெரியும். பேசிக்கொண்டிருக்கும்போதே குழாயிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. விட்டு விட்டுக் கொட்டியது. அடிக்கிற கை களைப்பது அதிலேயே தெரிந்தது.

“நீங்க இங்க இருக்கீங்க. வீட்டுல அவங்களும் இங்கதான் நிக்கிறாங்க,” என்றார் பாய். “உள்ள யாருங்க அடிக்கிறது?”

“காவல்காரன்தான்.”

“அவன் பேரு என்னங்க?”

நானூறு பேரோடு பேசிப் பிழைக்கிற வியாபாரி நான். அந்த நேரத்தில் ஒரு பெயர் வாயில் வரவில்லை. சற்றுப் பொறுத்து, “மாரி,” என்றேன்.

“கூப்பிடுங்களேன். வாஷர் தேஞ்சிருக்கான்னு கேக்கணும்.”

இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பவுனம்மாள் உள்ளே போய்விட்டாள். பாய் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “தங்கச்சி கண்டியில சௌக்கியந்தானே?” என்று கேட்டார். அதுவரை அவர் அவளைப் பற்றி விசாரித்ததே இல்லை.

அதற்குப் பிறகு ஓர் ஏற்பாடு செய்தேன். வீட்டில் நெல் குத்துகிற நேரத்தில் மட்டும்தான் பம்பு அடிக்க வேண்டும். உலக்கைச் சத்தத்தில் மற்றது கேட்காது. வள்ளிக்கண்ணு அதை மீறியதே இல்லை. சொன்ன சொல் கேட்கிற பெண்தான். அந்த ஆஸ்பத்திரி விஷயம் ஒன்றைத் தவிர.

இந்த ஆடியில் வந்த வெள்ளத்தை நீங்களே பார்த்தீர்கள். காவிரியும் கொள்ளிடமும் ஒன்றாகிவிடும் போலிருந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். எங்கள் வீடு உயரமானது என்பதால் அக்கம்பக்கத்து ஜனங்களெல்லாம் குழந்தைகளோடும் ஆடுகளோடும் ஏறிவந்துவிட்டார்கள். கூடம், மாடி, படிக்கட்டு எங்கும் ஆட்கள். வராதீர்கள் என்று சொல்ல முடியுமா? பவுனம்மாள் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சினாள். எல்லோரும் என்னை வாழ்த்தினார்கள்.

அன்றைக்கு யாரும் நெல் குத்தவில்லை. ஆனாலும் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தாமல் ஓடியது. பூக்கட்டி விற்கிற காளியாயி அடுக்களையில் உட்கார்ந்திருந்தவள் தரையில் காதை வைத்தாள்.

“ஏங்க, கீழ யாரோ தண்ணி அடிக்கிறாங்களே. ஆளு இருக்காங்களா?”

ஆற்று இரைச்சல் என்றேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். நான் சாமான் பார்த்துவருவதாகச் சொல்லிக் கீழே இறங்கினேன்.

கதவைத் திறந்ததும் தண்ணீர் என் காலுக்கு வந்தது. வள்ளிக்கண்ணு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்று அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

“நிறுத்து. மேல சத்தம் கேக்குது,” என்றேன்.

“நிறுத்தினா ஏறிடும் அண்ணே.”

“கைப்பிடியைக் கழட்டிக் குடு.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “மேல கூட்டிட்டுப் போறீங்களா?”

“ஜனங்க போகட்டும். போனதும் கூட்டிட்டுப் போறேன்.”

ஆணியைப் பிடுங்கி, கைப்பிடியை அவளே கழற்றி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தாள். நான் பிடுங்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன். முற்றத்துத் தண்ணீர் துவாரத்தை எட்டிவிட்டிருந்தது. கோணிச்சாக்கை வைத்து அதை இறுக்கமாக அடைத்தேன். தண்ணீரும் உள்ளே போகாது, குரலும் வெளியே வராது.

பொழுது சாயும்வரை கதவைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காலிப் பீப்பாய் மிதந்து இடிக்கிறது என்று சொன்னேன். பவுனம்மாள் என் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல், “சாவியைக் குடுங்க,” என்றாள். மார்க்கெட்டில் இருக்கிறது என்றேன். அது என் மடியில் இருப்பது அவளுக்குத் தெரியும். பிறகு சத்தம் நின்றது. அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது என்று பவுனம்மாள் சொன்னால், மறுக்க மாட்டேன்.

மறுநாள் பரக்கத் அலி பாய் சோறு கட்டிக்கொண்டு பரிசலில் வந்தார். அவருடைய ஜனங்கள் கரையெல்லாம் அப்படிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் இறங்கியவர் சோற்றை இறக்கும் முன்பே முற்றத்துக் குழாயைப் பார்த்தார். அது சொட்டக்கூட இல்லை.

“இப்பதானேங்க அது ஓடணும்?” என்றார். “அண்ணே, மாரி எங்க?”

நான் பதில் சொல்வதற்குள், அத்தனை பேர் நடுவில், என் மனைவி வாயைத் திறந்தாள். “மாரியும் இல்ல, ஒருத்தரும் இல்ல பாய். வள்ளிக்கண்ணு உள்ள இருக்கா. கதவை உடைங்க.”

உடைத்தார்கள். தண்ணீருக்குள் மூழ்கித்தான் அவளைத் தூக்கி வந்தார்கள். கூடத்தில், எல்லோரும் பார்க்கும்படி கிடத்தினார்கள். காளியாயி தன் மூட்டையை அவிழ்த்து ஒரு புடவையை எடுத்துப் போர்த்தினாள். அது தேவையே இல்லை. வள்ளிக்கண்ணு கட்டியிருந்த புடவை ஒழுங்காகத்தான் இருந்தது.

கைப்பிடியை வாங்கியது நான். துவாரத்தை அடைத்தது நான். சாவி என்னிடம் இருந்தது. எதையும் மறைக்கவில்லை, ஐயா. கதவை மட்டும் திறந்துவிட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாளே என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். உங்களுக்கும் தங்கை இருப்பாள், யோசித்துப் பாருங்கள். அவ்வளவு ஜனங்களுக்கு முன்னால், அந்தக் கோலத்தில், நிலவறையிலிருந்து அவள் ஏறி வருகிறாள். அதற்கப்புறம் அந்தப் பெண் எப்படி உயிரோடு இருப்பாள்?