எந்தத் தோளில் கம்பு

"ஜார்ஜ் டவுன் வீதி, ஆண்டு தெரியவில்லை" என்றது அந்தப் பழைய சலனப்படத்தின் குறிப்பு. பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு வந்த படகில், எனக்கு முன்னிருந்த அக்காளும் தம்பியும் அதைக் கைப்பேசியில் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். அதில் ஒருவர் கம்பின் இரு முனையிலும் சோற்றுக்கூடை தொங்க நடக்கிறார். அவருடைய உருவத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுத் தம்பி மடியில் வைத்திருந்தான்.

"இந்த ஆளு இடது தோள்ல தூக்குறாரு. நம்ம தாத்தாவுக்கு, அத்தாவோட அத்தாவுக்கு, வலது தோள்லதான காய்ப்புன்னு சொல்வாங்க?" என்றாள் அக்காள்.

"தோள் மாத்தியிருப்பாரு லா."

"படம் முடியிற வரைக்கும் மாத்தலயே! இத எப்படி அத்தா கையில குடுப்ப?"

"பெத்தவர் முகத்தையே பாக்காத மனுஷன், நேத்து ஃபோனுக்கு முத்தம் குடுத்தாரு அக்கா. இவரு இல்லன்னு நீயே போய்ச் சொல்லு."

அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். படகு கரையில் இடித்தது.

"கண்ணாடிய உடைக்கப் போற. இங்க குடு, நான் தூக்கிட்டு வர்றேன்."

பழைய படச்சுருள்களைப் படியெடுக்கும்போது சில சமயம் இடம் வலமாகிவிடும். வீட்டில் அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தேன். திரும்பியிருந்தால் கடைப் பலகைகளின் எழுத்தே காட்டிக்கொடுக்கும்; ஆனால் அது மங்கல். இது அப்படித் திரும்பிய படமா என்பதை இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.