கொக்-பெல் கணவாயிலிருந்து பாதிச் செய்தி

— கையெழுத்தைப் போட்டுக் குடு, கலீமா. கீழ வண்டி உறுமிக்கிட்டு நிக்குது.

— ஒரு நிமிஷம், எசென்குல் பாய்கே. உங்களை அண்ணன்னு கூப்பிடுற உரிமையில கேக்கறேன். அந்தப் பொண்ணை மலையை விட்டு இறக்க நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?

— நீதானேம்மா கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு! 'புரோகிராம்ல கோளாறு இல்ல'ன்னு நீ எழுதிக் குடுத்தாத்தான் அய்கனிஷை எடுத்துட்டு மிர்லானைப் போட முடியும்.

— மிர்லான் உங்க அக்கா மகன்.

— இருந்துட்டுப் போகட்டுமே. பனியில பொறந்து வளர்ந்தவன். இவளைப் பாரு. கணவாய்க்குப் போன நாள்லேர்ந்து குளிர் இவ்வளவு, காத்து இவ்வளவுன்னு ஒழுங்கா எழுதறா. சாலை நிலைன்னு எழுத வந்ததும் அந்த வார்த்தையைக்கூட முடிக்காம கையை எடுத்துடறா. சாலையைத் திறக்கவா மூடவான்னு நான் ஜோசியமா பாக்க முடியும்?

— அவளையே கேட்டிருக்கலாமே.

— மேல போன் எடுக்காதுன்னு உனக்குத் தெரியாதா? 'முழுசா எழுது'ன்னு செய்தி அனுப்பினேன். மறுபடியும் அனுப்பினேன். பதில் இல்ல. நேத்து 'இறங்கி வா, உன் இடத்துக்கு ஆள் வருது'ன்னு உத்தரவே அனுப்பிட்டேன். அதுக்கும் மூச்சு விடல. திமிர்!

— தினம் தினம் ஒரே வார்த்தையில, ஒரே எழுத்துல சோம்பல் வருமா பாய்கே? சோம்பேறிகூட இடம் மாத்திப் படுப்பான்.

— அட போம்மா! மத்த கணவாய்க்காரங்க செய்தியும் இதே புரோகிராம்லதானே வருது? அதெல்லாம் முழுசா வருதே.

— அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அவங்கள்லாம் உங்க வயசு ஆளுங்க. இங்க பாருங்க, எல்லாமே பெரிய எழுத்து.

— தந்தி அடிச்ச கைம்மா. நானும் அப்படித்தான். என் பொண்டாட்டிக்கு ஒரு மெசேஜ் போட்டா, 'எதுக்கு இப்படிக் கத்தறீங்க'ங்கறா.

— அய்கனிஷ் பள்ளிக்கூடத்துல படிச்ச மாதிரி சின்ன எழுத்துல எழுதறா. அவ செய்தி எங்க நிக்குது பாருங்க. ரஷ்ய எழுத்துல கடைசி எழுத்து இருக்கே, 'யா'? 'நிலை'ங்கற ரஷ்ய வார்த்தைக்கு நடுவுல சின்ன 'யா' வர்ற இடத்துல நிக்குது.

— கேட்டியா ஹாரன்? கையெழுத்துக்குக் காத்திருக்காம மிர்லான் கிளம்பிட்டான். நீ இங்க எழுத்துக்கூட்டிக்கிட்டே இரு. எழுத்துக்கும் பனிக்கும் என்னம்மா சம்பந்தம்?

— இது 'சி'ங்கற கம்ப்யூட்டர் மொழியில எழுதின புரோகிராம். ஃபைல்லேர்ந்து ஒவ்வொரு எழுத்தா எடுக்கும். எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் உண்டு. ஃபைல் தீந்துட்டா 'மைனஸ் ஒண்ணு'ன்னு வரும், உடனே நிறுத்திக்கும். சரியா? சின்ன 'யா'வோட எண் இருநூத்தி அம்பத்தஞ்சு.

— இருக்கட்டும்.

— வர்ற எண்ணை வாங்கி வைக்க, புரோகிராம் எழுதின ஆளு ரொம்பச் சின்னப் பெட்டியைக் குடுத்திருக்கார். அந்தப் பெட்டிக்குள்ள போனா இருநூத்தி அம்பத்தஞ்சும் மைனஸ் ஒண்ணும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி. அடையாளம் தெரியாது. 'யா'வைப் பாத்ததும் ஃபைலே தீந்துபோச்சுன்னு நம்பிடுது.

— பெரிய 'யா' வந்தா?

— அதுக்கு வேற எண். அதனாலதான் இத்தனை வருஷமா யாரும் கண்டுக்கல.

— அப்படின்னா... அவ முழுசா எழுதியிருக்காளா?

— பெட்டியைப் பெரிசாக்கறேன். ஒரே ஒரு சொல்லை மாத்தினாப் போதும். ஆச்சு. இது போன வாரத்து ஃபைல். நீங்களே படிங்க.

— 'சாலை நிலை: தடையில்லை. தலைவரே, நான் முழுதாகத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு வந்து சேரவில்லையா?' அடுத்ததைப் போடு. 'தலைவரே, மறுபடியும் சொல்கிறேன். யாராவது இயந்திரத்தைப் பாருங்கள்.' பதில் எழுதியிருக்கா, கலீமா. நான் கேட்டப்பல்லாம் எழுதியிருக்கா.

— திமிர்னு சொன்னீங்களே.

— குத்தாதே. இன்னிக்கு வந்ததைக் காட்டு. கண்ணாடியை வண்டியில விட்டுட்டேன் போல, எழுத்தெல்லாம் கலங்குது. நீயே படி.

— 'சாலை நிலை: மூன்றாவது வளைவுக்கு மேலே பனி விரிசல் விட்டிருக்கிறது. கணவாயை மூடுங்கள். உத்தரவு கிடைத்தது, தலைவரே. இறங்கிவிடுகிறேன், வருத்தமில்லை. என் இடத்துக்கு வரும் ஆளை மட்டும் இன்றைக்கு மேலே அனுப்பாதீர்கள்.' பாய்கே! மிர்லானைக் கூப்பிடுங்க!

— ஓட்டும்போது எடுக்க மாட்டான். அந்த மட்டும் நல்ல பழக்கம். அடிவாரத்துச் செக்போஸ்ட்டுக்குப் போன் போடு.

— அவன் அங்க போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு. இந்தாங்க, மணி அடிக்குது.

— ஹலோ, செக்போஸ்ட்டா? நான் எசென்குல். மிர்லான் வண்டி வந்தா குறுக்க நின்னு மறி. கணவாயை மூடு, ஒரு வண்டிகூட மேல போகக்கூடாது... எழுதிக்கோ. யார் சொன்னதுன்னா? மேல இருக்கிற நம்ம ஆளுதான்... இல்லப்பா, மேல ஆளுன்னு காலையில நான் குடுத்த மிர்லான் பேரை அடிச்சிடு. அய்கனிஷ்னு எழுது.