தலைக்குள் கேட்ட டிக் டிக்

சங்கத் தலைவர் அவர்களே, துக்கத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, கோபுரத்திலிருந்து இறங்கிய கையோடு வந்திருக்கும் தோழர்களே,

துறைமுகத்துப் பெரிய கிரேன் கடலுக்குள் சாய்ந்தது, கலங்கரை விளக்கம் எண்ணெயை விட்டு மின்சாரத்துக்கு மாறியது, அந்த வருடம்தான் நம் கோபுரத்தில் ரேடார் வைத்தார்கள். இன்று நாம் அஞ்சலி செலுத்தும் நம் 'மீசை அண்ணன்' மெக்கானிக்காக அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தார். நான் கீழே கயிறு பிடிப்பவன்.

மேலே ஏறுகிற மெக்கானிக், பெயின்டர், வெல்டர் எல்லோருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ரேடார் ஓடுகிறதா என்று பார்க்க, அதற்கு நேரே தலையை நீட்டுவார்கள். தலைக்குள் 'டிக் டிக்' என்று கேட்டால் ஓடுகிறது. தன் மண்டையை மீட்டராக வைத்திருந்த தொழிலாளி வேறெங்காவது உண்டா?

வேண்டாம் என்று முதலில் சொன்னவர் அண்ணன். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நின்று பார்த்தார்.

"பஞ்சு வச்சும் கேக்குதுடா. நேரா மண்டைக்குள்ள வருது."

"அண்ணி சாப்பிடக் கூப்பிடுறாங்களோ என்னவோண்ணே," என்றான் பெயின்டர். எல்லோரும் சிரித்தோம்.

ஆபீஸில் போய்ச் சொன்னார். மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். பிறகு வாசல் கேட்டில் காவலுக்கு உட்காரவைத்தார்கள். வருடங்கள் போகப்போகக் கை நடுங்கியது, காது மந்தமானது. ரேடார் அலையாலா, வயதாலா? எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சத்தம் உண்மை. "இது பைத்தியம் இல்ல. விட்டு விட்டு வர்ற அலை தலையில பட்டா அப்படித்தான் கேக்கும்" என்று காது டாக்டர் ஒருவர் பின்னால் சொன்னார். அதையும் அண்ணி அவர் காதருகே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

பைத்தியம் என்ற பட்டம் போனதா? போகவில்லை. இன்று ஏறுகிறவர்களும் அதற்குப் பயந்து, கேட்டதைச் சொல்வதில்லை. அண்ணன் கடைசிவரை கேட்டது ஒன்றுதான்: "கேக்குதுன்னு ஒருத்தன் சொன்னா மெஷினை நிறுத்துங்கப்பா, ஆளை நிறுத்தாதீங்க."

எனக்கும் அலுத்துவிட்டது தோழர்களே. எத்தனை பேருக்குத்தான் இப்படி நின்று பேசுவது? ஆனாலும் இந்த வேலை பாக்கி இருக்கிறது. அண்ணன் புகார் சொன்ன மறுநாள், அப்போது நமக்கு மேலதிகாரியாக இருந்த எஞ்சினியர் ஐயாவே ஏறித் தலையை நீட்டினார். முகம் வெளுத்து இறங்கினார். "எனக்கும் கேக்குதுப்பா" என்று அண்ணனிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. ஆபீஸில் அவர் வாய் திறக்கவில்லை. கயிறு பிடிப்பவன் சொன்னால் யார் நம்புவார்கள்?

நாளை சங்கத்தார் அவர் வீட்டுக்குப் போகிறோம். சண்டைக்கு அல்ல. அன்று முணுமுணுத்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள் என்று கேட்போம். பெயின்டர் போய்விட்டான், வெல்டர் போய்விட்டார், இப்போது அண்ணனும். அந்த நாளில் அதைத் தலைக்குள் கேட்டவர்களில் உயிரோடு இருப்பவர் எஞ்சினியர் ஐயா ஒருவர்தான்.