கண் ஓடு

நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்குப் பின்கால் ஒன்று குட்டை. வந்ததிலிருந்து பார்க்கிறேன், நீங்கள் எழுதக் குனியும்போதெல்லாம் அது ஒரு ஆட்டம் ஆடுகிறது. அடியில் ஒரு மரச் சிராய் வைத்தால் நின்றுவிடும். நானே வைத்துத் தருவேன். ஆனால் இந்த ஆள் கையில் எதையும் கொடுக்கக் கூடாது என்று ஸ்டேஷன் வாசலில் சொல்லிவிட்டார்கள். சரி, ஆடட்டும்.

கேட்டதற்கு வருகிறேன். நான் தச்சன். படிப்பு கிடையாது, கையெழுத்து மட்டும் போடுவேன். அதனால் எழுதினதை ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். உங்கள் மேல் மட்டும் சந்தேகம் என்று இல்லை. எனக்கு எல்லார் மேலும் உண்டு.

சின்னவன் என் கூடப் பிறந்த தம்பி. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தது எதுவும் தங்கவில்லை. அதனால் பார்க்கிறவர்கள் எங்களை அப்பனும் மகனும் என்றுதான் நினைப்பார்கள். அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. தூக்கி வளர்த்தது நான். எனக்கு வந்த பெண்ணையெல்லாம் தட்டிக்கழித்தேன், வருகிறவள் இவனுக்கு ஒழுங்காகச் சோறு போடுவாளோ மாட்டாளோ என்று. பெருமைக்குச் சொல்லவில்லை. நீங்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்னால் இதுவும் தெரிந்திருக்கட்டும்.

அவன் கண்ணில் ஆணி பட்டது நான் செய்தது இல்லை. அதைத் தெளிவாக எழுதுங்கள். ஒரு பழைய வீட்டின் கதவு நிலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். துருப்பிடித்த ஆணியை அவன் ஓங்கி அடித்தான். தலை முறிந்து பறந்து வலது கண்ணில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினது நான்தான். டாக்டரம்மா தைத்தார், மருந்து விட்டார், ஒன்றும் பலிக்கவில்லை. பச்சை மரம் காயக் காயச் சுருங்குமே, அந்த மாதிரி அந்தக் கண் நாளுக்கு நாள் சுருங்கிப்போயிற்று. கருவிழி வெளுத்து, இமை குழிக்குள் இறங்கி, ஒரு பக்க முகம் மட்டும் எப்போதும் தூங்குவது போல ஆகிவிட்டது.

டாக்டரம்மா அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். இந்தக் கண் செத்துவிட்டது, வலி இல்லாதவரை இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் நல்ல கண் சிவந்தாலோ வெளிச்சம் கூசினாலோ அன்றைக்கே கூட்டிக்கொண்டு வர வேண்டும், அடிபட்ட கண் சில பேருக்கு நல்ல கண்ணையும் சேர்த்துக் கெடுத்துவிடும் என்றார். தலையாட்டினேன். சின்னவனிடம் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே பயந்தவன்.

வேலைக்கு ஒன்றும் குறைவு வரவில்லை. பலகை நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தச்சன் ஒரு கண்ணை மூடத்தான் வேண்டும். "உனக்கு மூடுற வேலை மிச்சம்டா" என்றேன். அவனும் சிரித்தான். உள்ளதைச் சொன்னால் எங்களுக்கு அதுதான் நல்ல காலம். அவன் வெளியே போவதை நிறுத்திவிட்டான். சாயங்காலம் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு நான் சமைப்பேன். செத்த கண் சுவர்ப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து சாப்பிடுவான். நானும் அவனும்தான். வேறு யார் வேண்டும்.

அதைக் கெடுத்தது அந்த ஓடு. செத்த கண்ணுக்கு மேலே மாட்டிக்கொள்வது. முட்டை ஓடு மாதிரி இருக்கும், கொஞ்சம் தடிமன், பிளாஸ்டிக். டாக்டரம்மாதான் ஆளைக் காட்டிவிட்டார். செய்தவர் நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்து, வெள்ளையில் ஓடுகிற சிவப்பு நரம்பு முதற்கொண்டு வரைந்திருந்தார். மாட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான். ஆணி படுவதற்கு முந்தின சின்னவன். நான் தொழில்காரன், அடுத்தவன் வேலை நன்றாக இருந்தால் ஒத்துக்கொள்வேன். நல்ல வேலை.

பிறகு தையல்காரி வந்தாள். துணி வெட்டுகிற மேஜை ஒன்று செய்யச் சொல்லி. புருஷன் இல்லாதவள், வாய்க்காரி. மேஜை போய்ச் சேர்ந்த பிறகும் வந்தாள். ஒரு தடவை ஆடுகிறது என்றாள், ஒரு தடவை உயரம் போதவில்லை என்றாள். என் கையில் செய்த மேஜை ஆடாது.

ஒருநாள் அவளிடம் ஒரு கண் பொய் என்று இவனே சொல்லிவிட்டான். நான் உள்ளே இழைத்துக்கொண்டிருந்தேன். கையை நிறுத்திவிட்டு அவர்கள் பேசுவதைக் கேட்டேன்.

"எதுன்னு கண்டுபிடிங்க பாப்போம்."

"ரெண்டும் என்னையேதான் பாக்குது. இதுல எதப் போய் பொய்னு சொல்ல?"

அவன் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பு அவனிடம் இருந்தது எனக்குத் தெரியாது. நான் வளர்த்தவன், எனக்கே தெரியாது.

அவளுடைய அண்ணனுக்கு வேறு ஊரில் மரப் பட்டறையாம். கல்யாணம் முடித்து அங்கேயே போவதாக முடிவு செய்துவிட்டு என்னிடம் வந்தான். "அண்ணே, நீயும் வந்துரு. அங்க ஒரு ரூம் இருக்கு" என்றான். "எதுக்கு, வாசல்ல காவலுக்கா" என்று கேட்டேன்.

யோசித்துப் பார்த்தேன். அவள் பார்த்தது முழு முகம். உள்ளே இருக்கிற குழியைப் பார்த்தால் நிற்பாளா, ஓடுவாளா? அதை அண்ணனான நான் சோதித்துப் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது.

குளிக்கப் போகும்போது ஓட்டைக் கழற்றி ஒரு டப்பாவில் வைத்துவிட்டுப் போவான். கதவு நிலையில் இடித்தால் தேய்த்துப் பொருந்த வைப்பது எங்கள் வேலை. நான் பொருந்தினதைத் தேய்த்தேன், அவ்வளவுதான். உள்பக்கம், விளிம்பை ஒட்டி, உப்புத்தாளால் சில இழுப்பு. கழுவித் துடைத்துப் பழையபடி வைத்துவிட்டேன்.

உறுத்துகிறது என்றான். கண்ணீர் கொட்டியது. செய்தவரிடம் காட்டலாமா என்று கேட்டான். "செத்த கண்ணு ஏத்துக்கலடா, உடம்பு வேண்டாங்குறத வம்பா வைக்காத" என்றேன். என் பேச்சைத் தட்டாதவன். கழற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டான். அந்த முகத்தோடு அவள் முன்னால் போக மாட்டேன் என்றான். அவள் தேடி வந்தபோது ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னான், சொன்னேன். அவள் நம்பவில்லை. "கண்ணுக்காகவா நான் வந்தேன்? அவர்கிட்ட இத மட்டும் சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தலையாட்டினேன்.

சொல்லவில்லை. ஆக, அவள் நின்றிருப்பாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதையும் எழுதுங்கள்.

அதற்கப்புறம்தான் நல்ல கண்ணில் வெளிச்சம் கூசுகிறது என்றான். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று நச்சரித்தான். தையல்காரியின் கடை அதே தெருவில்தான் இருக்கிறது. எனக்குப் பட்டது, இது அவளைப் பார்க்கப் போக ஒரு சாக்கு. டாக்டரம்மா சொன்னது மறந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். மறக்கவில்லை. வெளிச்சம் கூசுகிறது என்றவனுக்கு ஜன்னலை மறைத்துப் பலகை அடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நாள் நன்றாக இருக்கிறது என்றான். பிறகு சோற்றுத் தட்டைத் தடவித் தேட ஆரம்பித்தான். அப்போது கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "நான் சொன்னேனே, ஏன் உடனே வரல?" என்று என்னைக் கேட்டார். சின்னவன் பக்கத்தில்தான் இருந்தான். திரும்பி வருகிற வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். இப்போது அவனுக்கு நிழல் மட்டும்தான் தெரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் தேடி எடுத்தான். ஓட்டைக் கையில் வைத்து உள்பக்கம் நகத்தால் தடவினான். எல்லாத் தச்சனும் உப்புத்தாளைப் போக்கிலும் வரத்திலும் தேய்ப்பான். நான் ஒரே பக்கமாகத்தான் இழுப்பேன், கீறல் எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும். அப்படித் தேய்க்கிறவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். ஒருவன் அவன். டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத் தெருவில் இறங்கினான். பக்கத்து இரும்புக்கடைக்காரர்தான் இங்கே கூட்டி வந்திருக்கிறார்.

இதற்கு மேல் என்ன இருக்கிறது. ஆமாம், செய்தேன். ஓடு கெட்டதும் என்னால், கண் போனதும் என்னால், அவள் திரும்பிப் போனதும் என்னால். சாயங்காலத்துக்குள் என்னை விட்டுவிட்டால் நல்லது. அவனுக்குச் சோறு பிசைந்து கையில் கொடுக்க வேண்டும், வேறு யாருக்கும் பழக்கம் இல்லை.

அடுத்த அறையில் தையல்காரி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்கிறீர்கள். ஓடு மாட்டாமலேயே அவளோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்கிறீர்கள். இருக்கட்டும். எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம்.

அவன் என்னிடம் ஒன்று மட்டும் கேட்டுவரச் சொன்னான் என்று உங்கள் ஆள் சொன்னாரே, எந்தத் தாளால் தேய்த்தேன் என்று. அதற்கு நான் சொல்வதை அப்படியே அவனிடம் போய்ச் சொல்லுங்கள். முரட்டுத் தாள் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. பட்டறை முழுக்கத் தேடி, இருப்பதிலேயே நைஸான தாளாக எடுத்து, தண்ணீரில் நனைத்துத்தான் இழுத்தேன். என் தம்பியின் கண் இல்லையா.