அசையாமல் நின்ற ஆள்

எங்கள் பக்கத்து ஆட்களை அவர்களுக்குத் தெரியாமல் படம் எடுப்பது லேசில்லை. கேமராவைக் கொஞ்சம் தூக்கினால் போதும், தெருவே சுதாரித்துக்கொள்ளும். சட்டைப் பொத்தானைப் போடுவார்கள், தலையைக் கோதுவார்கள், கையிரண்டையும் தொடையோடு ஒட்டவைத்து மூச்சை அடக்கி நிற்பார்கள். பால்கோவா கிண்டுகிறவர் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டு லென்ஸையே பார்ப்பார். அடிப்பிடித்து வாடை வந்தாலும் திரும்பமாட்டார். கூப்பிட்டால் பதில்கூட வராது. ஸ்டூடியோக்காரர்கள் பழக்கிவிட்ட பழக்கம். "ஆடாதீய, பேசாதீய, இமைக்காதீய" என்று தாத்தா காலத்திலிருந்து மிரட்டி வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டதால் இதைச் சொல்கிறேன். தலைக்கு மேல் பஞ்சுப் பொதி உருண்டு வருகிறது, கீழே நிற்கிற சுமைக்காரர் அது தெரியாமல் நிறைவாகச் சிரிக்கிறார். அதிர்ஷ்டத்தால் கிடைத்த படம் என்று உங்கள் பத்திரிகையில் எழுதப்போவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அதற்காக நான் பாடுபட்டிருக்கிறேன்.

பம்பாயில் ஒரு விளம்பரக் கம்பெனிக்காக பிஸ்கட் பாக்கெட்டையும் சோப்புக் கட்டியையும் படம் எடுத்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. தொண்ணூற்றிரண்டில் நீண்ட லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தேன். தெருவில் நடமாடும் மனிதர்களை உள்ளபடியே எடுத்துப் பார்க்கவேண்டும் என்று ஆசை. ரத வீதிகளில் சுற்றினேன், பஸ் ஸ்டாண்டில் சுற்றினேன். ஃபிலிம் ஃபிலிமாகக் கழுவிப் பார்த்தால் எல்லாவற்றிலும் விறைத்த முகங்கள்தான். ரேஷன் கார்டுக்குப் படம் எடுத்துக் கொடுத்தது மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கோயிலுக்குப் பூக்கட்டுகிற குடும்பம். கட்டும்போது பூவை முகர்ந்துவிடக்கூடாது என்று மூக்கில் துணி கட்டிக்கொள்வார் அப்பா. முதல் சரம் சுவாமிக்கு. கூடை வாசல் தாண்டிப் போன பிறகுதான் வீட்டுப் பெண்கள் ஒரு கிள்ளுப் பூவைத் தலையில் வைக்கலாம். இதில் அப்பா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

என் அக்கா காஞ்சனாவுக்கு எண்பத்து மூன்றில் தென்காசியிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் படம் கேட்டார்கள். ராஜபாளையம் ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய் எடுத்து, கையோடு சில பிரதிகளும் போட்டுக்கொண்டு வந்தார் அப்பா. அதில் ஒன்று வீட்டிலேயே காணாமல் போயிற்று. யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்து கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சமுத்திரம் உள்ளே வந்தான். வன்னியம்பட்டியிலிருந்து தினமும் சைக்கிளில் எங்களுக்குப் பூக்கூடை கொண்டுவருகிற ஆள் அவன். கூடையை இறக்கக் குனிந்தான். சட்டைப் பையிலிருந்து அக்காவின் படம் அத்தனை பேருக்கும் நடுவில் விழுந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பாதிக் காப்பியோடு எழுந்து போனார்கள். சித்தப்பாமார் சமுத்திரத்தைக் கரண்ட் கம்பத்தில் கட்டினார்கள். நானும்தான் அடித்தேன், அப்போது எனக்குக் கல்லூரி வயது. படத்தை எங்கே திருடினாய் என்று கேட்டதற்கு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. திருட்டுப் பயலிடம் பதில் எங்கே இருக்கும்? அக்காவை உள்ளறையில் போட்டுப் பூட்டியிருந்தோம். கதவை அறைந்துகொண்டு கத்திக்கொண்டிருந்தாள். அவமானம் தாங்காமல் அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் எந்த வரனுக்கும் சம்மதிக்கவில்லை. அப்பா கோயில் பக்கம் தலைகாட்டுவதையே விட்டார். மறு வருஷம் போய்ச் சேர்ந்தார். ஒரு படத்தைத் திருடியவன் என் வீட்டையே அழித்தான். அவனை நான் ஒருநாளும் மன்னித்ததில்லை.

அந்த லீவில்தான், ராஜபாளையத்தில் பஞ்சுப் பொதி அடுக்கும் கிட்டங்கிகள் இருக்கிற சந்து ஒன்றில் அவனை மறுபடி பார்த்தேன். லாரியிலிருந்து பொதி இறக்கிக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆகவில்லை என்று டீக்கடையில் சொன்னார்கள். யார் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்தான். செத்த நேரம் கழித்துக் கிட்டே வந்து, "தம்பி, அவிய நல்லாருக்காவளா?" என்று கேட்டான்.

எங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்க இவனுக்கு எவ்வளவு துணிச்சல்! நல்லாயிருக்காவ என்று சொல்லிவிட்டு அவனுக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அங்கே வேலை நடக்கும் விதம் இது. லாரியிலிருந்து தரைக்கு இரண்டு பலகைகளைச் சரித்து வைத்திருப்பார்கள். மேலே முத்துவீரன் என்பவன் பொதியை நெம்பிப் பலகை விளிம்புக்குக் கொண்டுவருவான். இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய பொதி, ஆள் உயரம் இருக்கும். அதற்குப் பின்னால் நிற்கிறவனுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அதனால் "விடட்டா?" என்று கேட்பான். கீழே நிற்கிற சமுத்திரம் விலகிக்கொண்டு "விடு" என்பான். அந்தச் சொல் வராமல் பொதி அசையாது. பக்கத்து ஆலை போடுகிற இரைச்சலில் இருவரும் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

முதல் நாள் நான் கேமராவைத் தூக்கியதும் சமுத்திரமும் ஊர் வழக்கப்படி விறைத்து நின்றுவிட்டான். மேலேயிருந்து முத்துவீரன் விடட்டா விடட்டா என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் பொதிக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டினான். "ஏலே, படத்துக்கு நிக்கிற நேரமாலே இது? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று வைதான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் திரும்பும்போது, இத்தனை நாளும் என்னைத் தோற்கடித்த அந்தப் பழக்கம் எவ்வளவு நல்ல பழக்கம் என்று தோன்றியது.

பிறகு தினமும் போனேன். அவசரப்படவில்லை. ஒளி எப்போது சந்துக்குள் இறங்குகிறது, பொதி பலகையில் எவ்வளவு வேகம் எடுக்கிறது, எங்கே நின்றால் எனக்கு ஆபத்தில்லை என்று எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டேன். நான் சந்தில் நிற்பது அவர்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் ஒரு குறை இருந்தது. சமுத்திரத்தின் முகம் படத்தில் செத்த முகமாகவே விழுந்தது. அது எனக்குப் போதவில்லை. கடைசியாக அவன் முகத்தில் என்ன இருக்கவேண்டும் என்பதையும் நானே முடிவு செய்ய விரும்பினேன்.

மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்த ஒரு காலையில் அவனிடம், "அண்ணே, ஒரு படம் எடுக்கேன். அக்கா ஒங்களப் பத்திக் கேட்டா, அவளுக்குக் காட்டணும்" என்றேன். அக்கா எதுவும் கேட்கவில்லை.

சமுத்திரம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டினான். துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். "எங்ஙன நிக்கணும் தம்பி?"

"கொஞ்சம் பின்னால போங்க. பலகைக்கு நேரா. ஆடாதீங்கண்ணே, பேசாதீங்க."

அப்போதுதான் அந்தச் சிரிப்பு வந்தது. நீங்கள் உலகத்துச் சந்தோஷமெல்லாம் இருக்கிறது என்று வியந்தீர்களே, அதே சிரிப்பு. எனக்கு அதில் திருடனின் திமிர்தான் தெரிந்தது. மேலே முத்துவீரன், "சமுத்திரம், விடட்டா?" என்றான். சமுத்திரத்தின் கண் லேசாக அலைந்தது. வாயைத் திறக்கவில்லை. அக்கா பார்க்கப்போகிற படமல்லவா, கலங்கிவிடக்கூடாதே.

"விடு" என்று பதில் போயிற்று. அது அவனுக்கு உறைப்பதற்குள் நான் பட்டனை அழுத்தினேன்.

போலீஸ் வந்தபோது முத்துவீரன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "விடுன்னு சத்தம் கேட்டுச்சு சார். கேட்டுட்டுத்தான் விட்டேன்" என்று சத்தியம் செய்தான். யாரும் நம்பவில்லை. செத்தவன் மேல் பழி போடுகிறான் என்றார்கள். நான் லென்ஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்ததால் எதுவும் காதில் விழவில்லை என்று சொன்னேன். முத்துவீரன் அதற்குப் பிறகு லாரி ஏறவில்லை. சோழபுரத்தில் ஆடு மேய்க்கிறானாம். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் நடுங்குகிறானாம். அவனை நினைத்தால் வருத்தம்தான், எங்களுக்குள் ஒரு பகையும் கிடையாது.

அவன் சொன்னது உண்மை. உங்கள் கையிலிருக்கும் படத்தை நன்றாகப் பாருங்கள், சமுத்திரத்தின் உதடு ஒட்டியிருக்கிறது. பதில் சொன்னவன் நான். குரலை மாற்றக்கூட இல்லை.

படத்தைப் பெரிதாகப் போட்டு அக்காவிடம் கொண்டுபோனேன். அவள் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். முன்னால் வைத்து, "இவன் கதை முடிஞ்சுதுக்கா" என்றேன். குனிந்து பார்த்தாள்.

"சிரிக்காவ" என்றாள். "என்னலே சொன்ன அவியகிட்ட?"

"ஒனக்குக் காட்டணும்னு சொன்னேன்."

நார் கையிலிருந்து நழுவிப் பூவெல்லாம் மடியில் உதிர்ந்தது. "ஏலே உப்பிலி, அந்தப் படத்த அவிய திருடலலே. நாந்தான் குடுத்தேன். கட்டுனா அவியளத்தான் கட்டுவேன்னு சொல்லிக் குடுத்தேன். அன்னிக்குக் கதவுக்குப் பின்னால தொண்ட வத்தக் கத்துனேனே, ஒருத்தனுக்கும் காது கேக்கலையா?"

அக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே இரக்க சுபாவம். செத்தவனைத் திருடன் என்று சொல்ல மனம் வராமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். இதெல்லாம் எனக்குப் புரியாதா என்ன? அன்றைக்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. இத்தனை வருஷப் பாரம் இறங்கியவர்கள் கொஞ்சநாள் அப்படித்தான் இருப்பார்கள்.

ஆனால் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுப் பூக்கட்டுகிற அறையிலேயே மாட்டியிருக்கிறாள். விடிந்ததும் குளித்துவிட்டு அவள் தொடுக்கிற முதல் சரம் கோயில் கூடைக்குப் போவதில்லை, அந்தப் படத்துக்குத்தான் போகிறது. எங்கள் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் நடக்காதது. எத்தனையோ பரிசு வாங்கியிருக்கிறேன். என் வேலைக்கு அக்கா தினமும் செய்கிற இந்த மரியாதை ஒன்று போதும் எனக்கு.